இரவு வியர்வை: போரின் நினைவா, சீனி இறக்கமா? நீரிழிவின் ஏற்ற இறக்கங்களைக் கையாளுதல்

நள்ளிரவில் உடல் நனைய வியர்த்து, நெஞ்சு படபடக்க, கெட்ட கனவிலிருந்து திடுக்கிட்டு எழும்புவது போரைக் கடந்து வந்தவர்களுக்குப் புதிய விடயம் அல்ல. அதைப் போரின் மிச்சம் என்று எண்ணி, யாரிடமும் சொல்லாமல் மறுபடி படுத்துவிடுபவர்கள் பலர். பல வேளைகளில் அந்த எண்ணம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகைக் குளிசைகளோ எடுப்பவருக்கு இதே அறிகுறிகள் இன்னொன்றையும் குறிக்கக்கூடும். நித்திரையில் இரத்தத்தின் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கலாம்.

2009 இல் முப்பதுகளில் இருந்தவர்கள் இன்று நீரிழிவு பரவலாக வரும் வயதில் இருக்கிறார்கள். ஆகவே பதகளிப்பும் நீரிழிவும் ஒரே உடலில் சேர்ந்திருப்பது இனி அரிதல்ல. எது எது என்று பிரித்தறியத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் அறிவு.

எண்கள் சொல்வது என்ன?

இலங்கையில் இரத்தச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கப்படுகிறது. நீரிழிவு உள்ள பெரும்பாலான வளர்ந்தோருக்குச் சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரையும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தின் பின் 180 இற்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு. முதியோருக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் வைத்தியர் இதைத் தளர்த்துவார். 70 இற்குக் கீழே போனால் அது சீனி இறக்கம். 54 இற்குக் கீழே போனால் கடும் ஆபத்து.

லண்டன், கனடா, அவுஸ்திரேலியா, நோர்வே ஆகிய இடங்களிலிருந்து உறவினர் அனுப்பும் கருவிகள் வேறு அலகில், மில்லிமோலில், காட்டும். அதில் 6 என்று வந்தால் பயப்பட வேண்டாம். 18 ஆல் பெருக்கினால் 108, நல்ல அளவுதான். 3.9 என்றால் 70. அதற்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும்.

சீனி இறங்கும்போது

திடீர் வியர்வை, கைநடுக்கம், கடும் பசி, படபடப்பு என்பன முதலில் வரும். பிறகு தலைச்சுற்று, மங்கலான பார்வை, காரணமில்லாக் கோபம், பேச்சுக் குழறல் வரலாம். வீதியில் இந்த நிலையில் தள்ளாடுபவரை வெறிக்காரர் என்று நினைத்து விலகிப் போகும் ஆபத்தும் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான்:

- 3 முதல் 4 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அரைக் கோப்பை இனிப்புச் சோடாவும் உதவும். சீனி சேர்க்காத சோடா உதவாது. சொக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் தாமதமாகவே வேலை செய்யும்.
- 15 நிமிடம் பொறுத்து மீண்டும் அளக்க வேண்டும். இன்னும் 70 இற்குக் கீழே இருந்தால் திரும்பவும் அதே அளவு கொடுக்க வேண்டும்.
- சரியானதும் பாண், பிஸ்கட் அல்லது சோறு சாப்பிட வேண்டும்.

அளக்கக் கருவி இல்லையா? சந்தேகம் வந்தால் சீனி இறக்கம் என்றே கருதிச் சீனி கொடுங்கள். அது வெறும் பதகளிப்பாக இருந்தாலும் ஒருமுறை எடுத்த சீனியால் பெரிய கேடு வராது. இறக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் மயக்கம், வலிப்பு, மரணம் வரை போகலாம்.

ஒருவர் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 இற்கு அழைக்க வேண்டும். குளிசையால் வந்த இறக்கம் மணித்தியாலங்கள் கழித்துத் திரும்பவும் வரக்கூடும். எனவே ஆள் தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இரவில் எப்படிப் பிரித்தறிவது?

நனைந்த தலையணை, கெட்ட கனவு, காலையில் தலையிடி, எழும்பும்போதே களைப்பு என்பன இரவில் சீனி இறங்கியதன் அடையாளங்களாக இருக்கலாம். அப்படி எழும்பும் நேரத்திலேயே விரலில் குத்தி அளந்து பாருங்கள். தொடர்ந்து சில இரவுகள் அதிகாலை 2 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் அளந்து எழுதி வைத்தால் இன்னும் தெளிவாகும். அளவு குறைந்திருந்தால் மாலை இன்சுலினின் அளவையோ இரவுச் சாப்பாட்டையோ மாற்ற வேண்டியிருக்கலாம். அளவு சரியாக இருந்தும் கனவுகள் தொடர்ந்தால் அது உளநல வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய விடயம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு.

சீனி ஏறும்போது

ஏற்றம் பெரும்பாலும் மெதுவாக வரும். தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு, மங்கலான பார்வை, ஆறாத புண் என்பன அதன் அடையாளங்கள். அதிகம் சாப்பிடுவது மட்டும் இதற்குக் காரணம் அல்ல. காய்ச்சலும் கிருமித் தொற்றும் சீனியை ஏற்றும். நித்திரையின்மையும் மன நெருக்கீடும் அப்படியே. நெருக்கீட்டின்போது சுரக்கும் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகியவை ஈரலிலிருந்து சீனியை வெளியே தள்ளுகின்றன. நினைவு நாட்கள் நெருங்கும்போதோ காணி, வழக்கு என்று அலையும் நாட்களிலோ வழமையான சாப்பாட்டுடனேயே அளவு கூடினால், அது உங்கள் கட்டுப்பாடின்மை அல்ல.

250 இற்கு மேல் தொடர்ந்து நின்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். வாந்தி, வயிற்று நோ, வேகமான ஆழ்ந்த மூச்சு, மூச்சில் பழ வாசம், அரை மயக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அவசர நிலை. காய்ச்சல் நாட்களில் சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை அடியோடு நிறுத்த வேண்டாம். தண்ணீர் குடித்துக்கொண்டு, அளவை எப்படி மாற்றுவது என்று உடனே கேளுங்கள். வாந்தி, வயிற்றோட்டம் இருந்தால் மெற்போமின் குளிசையை இடைநிறுத்துவதா என்றும் கேட்க வேண்டும்.

பனங்கட்டி சீனியைக் கூட்டாது என்ற நம்பிக்கை பிழையானது. அதிலும் பெரும்பகுதி சாதாரண சீனிதான்.

சொல்ல மறக்கக் கூடாத மருந்துகள்

மெற்போமின் தனியாக எடுத்தால் சீனி இறங்குவது அரிது. கிளிபென்கிளமைட், கிளிகிளசைட், டோல்பியூட்டமைட், இன்சுலின் ஆகியவை இறக்கக்கூடியவை. சிறுநீரகம் பழுதடைந்தவர்களில் இவை உடலில் நெடுநேரம் தங்குவதால் ஆபத்து கூடும்.

பதகளிப்புக்குக் கொடுக்கப்படும் புரோப்பிரனோலோல் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அப்போது வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக மிஞ்சலாம். உளநோய்க்கான ஒலன்சபின் சீனியை ஏற்றக்கூடியது. இவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். நீரிழிவு கிளினிக்கில் உளநல மருந்துகளையும், உளநல கிளினிக்கில் நீரிழிவு மருந்துகளையும் காட்டினால் போதும்.

சாப்பாடு தவறும் நாட்கள்

பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் அரைவயிறோடு படுக்கும் தாய்க்கு, முழு வயிற்றுக்கென எழுதிய குளிசை ஆபத்தாக முடியும். வீட்டில் சாப்பாடு குறைவு என்பதை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அதற்கேற்ப மருந்தை மாற்ற முடியும். கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன்னரும் இதே ஆலோசனை தேவை. வெறும் வயிற்றில் சாராயமோ கள்ளோ குடித்தால், ஈரல் சீனியை வெளியிடுவது தடைப்பட்டு, பல மணித்தியாலம் கழித்தும் இறக்கம் வரலாம்.

வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டிய கிளினிக் நாளில் தூர இடங்களிலிருந்து அதிகாலை பஸ் ஏறுபவர்கள் காலை மருந்தை எடுத்துவிட்டுப் பட்டினியாகப் புறப்படக் கூடாது. பொதுவாக இரத்தம் கொடுத்து, சாப்பாட்டுக்கு ஆயத்தமான பிறகே அது எடுக்கப்படும். உங்கள் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பையில் சீனியும் சாப்பாடும் இருக்கட்டும்.

இன்சுலினும் தழும்பும்

பாவனையில் உள்ள இன்சுலின் போத்தலைக் கடும் வெயில் படாமல் வைத்தால் பொதுவாக நான்கு வாரம் பாவிக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள், போத்தலைத் தண்ணீர் புகாத பையில் இட்டு, ஈரமான மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். உறைந்த இன்சுலினைப் பாவிக்கக் கூடாது.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் தோலின் கீழ் கட்டி உண்டாகும். அதிலோ ஷெல் காயத் தழும்பிலோ போடும் இன்சுலின் சீராக உறிஞ்சப்படாது. ஒருநாள் ஏற்றம், மறுநாள் இறக்கம் என்று காரணம் தெரியாமல் அலைக்கழிக்கும் வீடுகளில் இதையும் பார்க்க வேண்டும். தழும்பைத் தவிர்த்து, இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

சீனி இறங்கும்போது தனக்கு என்ன நடக்கிறது என்று நோயாளிக்கே தெரியாமல் போகலாம். ஆகவே சீனி எங்கே இருக்கிறது, எவ்வளவு கரைப்பது, எந்த இலக்கத்துக்கு அழைப்பது என்பதை வீட்டில் உள்ள சிறு பிள்ளைக்கும் இன்றே சொல்லிக்கொடுங்கள். தனியாக வாழ்பவர் அதைப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வைக்க வேண்டும்.