கிரைண்ட்க்ரஷர்: ஒரு தொகுப்பும் ஒரு புறநகர் ரயில் பாதையும்

'கிரைண்ட்க்ரஷர்' 1989இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலிருந்து வெளிவந்த தொகுப்பு இசைத்தட்டு. வெளியிட்டது இயராக் ரெக்கார்ட்ஸ். டிக்பி பியர்சன் 1980களின் நடுவில் தொடங்கிய சிறு நிறுவனம் அது. அதன் வெளியீடுகளுக்கு 'மாஷ்' என்று தொடங்கும் வரிசை எண் உண்டு. இந்தத் தொகுப்பு மாஷ் 12. டெத் மெட்டல், கிரைண்ட்கோர் என்ற இரண்டு இசை வகைகளையும் ஒரே தட்டில் வைத்துப் புதியவர்களுக்குக் காட்டிய தொகுப்புகளில் இதற்கு ஈடானது வேறில்லை.

மெட்டல் இசையில் தொகுப்பு என்பது எப்போதும் நுழைவாயிலாகவே இருந்திருக்கிறது. 1982இல் லாஸ் ஏஞ்சலஸில் பிரையன் ஸ்லேகல் வெளியிட்ட 'மெட்டல் மாஸக்கர்' தொகுப்பில்தான் மெட்டாலிகாவின் பாட்டு முதன்முதலாகத் தட்டில் ஏறியது. முதல் பதிப்பில் குழுவின் பெயரையே எழுத்துப் பிழையோடு அச்சிட்டிருந்தார்கள். 1984இல் ஜெர்மனியின் நாய்ஸ் நிறுவனம் 'டெத் மெட்டல்' என்ற பெயரிலேயே நான்கு குழுக்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. பெயர்தான் அப்படி, உள்ளே இருந்த ஹெலோவீனும் ரன்னிங் வைல்டும் இன்றைய பொருளில் டெத் மெட்டல் அல்ல. நான்கில் ஹெல்ஹாமர் மட்டுமே வரப்போவதைக் கோடி காட்டியது. டெத் மெட்டல் என்று இன்று அறியப்படும் ஒலி கலிஃபோர்னியாவின் பொஸஸ்ட் குழு 1985இல் தந்த 'செவன் சர்ச்சஸ்', ஃப்ளோரிடாவில் சக் ஷுல்டினரின் டெத் குழு 1987இல் தந்த 'ஸ்க்ரீம் ப்ளடி கோர்' ஆகியவற்றின் வழியே உருவானது.

கிரைண்ட்கோர் பிறந்த வீடு வேறு. அது ஹார்ட்கோர் பங்க்கின் பிள்ளை. பிறந்த ஊர் பர்மிங்காம். நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்' (1987) அதன் மூலநூல் போன்றது. 28 பாட்டு, மொத்தம் 33 நிமிடம். அதில் 'யூ சஃபர்' என்ற பாட்டு ஒன்றேகால் நொடியைச் சற்றே தாண்டி முடிந்துவிடும். உலகின் மிகச் சிறிய பாட்டு என்று கின்னஸில் இடம்பெற்றது. முதல் பக்கத்தை 1986இலும் இரண்டாம் பக்கத்தை 1987இலும் பதிவு செய்தார்கள். இடையில் குழுவே கலைந்து மாறியதால் இரண்டு பக்கத்திலும் இருப்பவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். பிபிசி வானொலியில் ஜான் பீல் இதை எடுத்து ஒலிபரப்பாமல் இருந்திருந்தால் நாட்டிங்காமையும் பர்மிங்காமையும் தாண்டி இது போயிருக்குமா என்பது சந்தேகமே.

டெத் மெட்டல், கிரைண்ட்கோர் இரண்டுக்கும் பொதுவானவை மூன்று: இறக்கிக் கட்டிய கிட்டார் தந்தி, தொண்டையின் அடியிலிருந்து எழும் உறுமல், 'பிளாஸ்ட் பீட்'. ஸ்நேர் டிரம்மையும் கிக் டிரம்மையும் மாறிமாறி இடைவெளியே இல்லாமல் அடிப்பது பிளாஸ்ட் பீட். தாளம் என்பதைவிட அதிர்வு என்றே அது காதில் விழும். வேறுபாடு கட்டமைப்பிலும் பேச்சுப் பொருளிலும் இருக்கிறது. டெத் மெட்டல் பாட்டு நான்கைந்து நிமிடம் ஓடும். கிட்டார் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். வாசிப்புத் திறமை முக்கியம். பொருள் சாவு, பிணம், நரகம். கிரைண்ட்கோர் ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வந்ததைக் கத்திவிட்டுப் போகும். சொல்ல வந்தது பெரும்பாலும் அரசியல். 'ஸ்கம்' தொடங்குவதே பன்னாட்டு நிறுவனங்களைச் சாடித்தான்.

'கிரைண்ட்க்ரஷர்' இந்த இரண்டையும் பிரித்து வைக்கவில்லை, கலந்து கொடுத்தது. அதில் இடம்பெற்ற குழுக்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு கூட்டுக் குடும்பம் தெரியும். 'ஸ்கம்' முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக் பிறகு காட்ஃப்ளெஷ் குழுவைத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் வாசித்த பில் ஸ்டியர் கார்கஸ் குழுவின் கிட்டாரிஸ்ட். டெரரைஸர் குழுவில் டிரம்ஸ் வாசித்த பீட் சாண்டோவல் ஃப்ளோரிடாவின் மார்பிட் ஏஞ்சலிலும் வாசித்தார். மிச்சிகனின் ரிபல்ஷன் 1986இல் பதிவு செய்த பாட்டுகள் மூன்றாண்டு காலம் கேசட் நகல்களாகவே கடல் தாண்டிக் கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றைக் கேட்டு வளர்ந்த கார்கஸ் உறுப்பினர்கள்தான் கடைசியில் இயராக்கின் கீழ் அதைத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். பிரேதப் பரிசோதனைப் படங்களை அட்டையில் ஒட்டி, மருத்துவ அகராதிச் சொற்களால் பாட்டெழுதிய இந்தக் கார்கஸ்காரர்கள் அசைவம் தொடாதவர்கள் என்பது புதிதாகக் கேட்பவரைத் திகைக்க வைக்கும். போல்ட் த்ரோவர் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜோ பெஞ்ச் என்ற பெண். அன்றைய மெட்டலில் அது அபூர்வம். 1989 இறுதியில் நேபாம் டெத், மார்பிட் ஏஞ்சல், கார்கஸ், போல்ட் த்ரோவர் நான்கும் தொகுப்பின் பெயரிலேயே ஒன்றாகச் சுற்றுப்பயணம் போயின.

நிறுவனத்தின் கணக்கில் இத்தகைய தொகுப்பு ஒரு விளம்பரம். ஏற்கெனவே கையில் உள்ள பாட்டுகளிலிருந்து ஒவ்வொன்றை எடுத்துக் கோத்தால் போதும். புதிய பதிவுச் செலவு குறைவு. வாங்குபவர் பிடித்த குழுவின் முழு ஆல்பத்தைத் தேடிப் போவார். ஒரு குறை உண்டு: முழு ஆல்பத்தோடு வரும் பாடல் வரித் தாள் இத்தகைய தொகுப்புகளோடு பெரும்பாலும் வருவதில்லை. உறுமலில் சொல் புரியாது, தாளும் இல்லை. ஒலி மட்டும் கைக்கு வரும். தென் சென்னையில் இந்த இசை எந்த உருவில் வேரூன்றியது என்பதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் வரையிலான மின்சார ரயில் பாதை 1931இல் தொடங்கியது. 2004 வரை அதில் மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடின. 1937இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுக் கிழக்குத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி வந்தது. 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு கதவைத் திறந்துவிட்டதும் வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள் முளைத்தன. கல்லூரி என்றால் ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் வெளியூர்க்காரர்களின் டேப் ரெக்கார்டர். கிறிஸ்தவக் கல்லூரியில் வடகிழக்கு மாநில மாணவர்கள் கணிசமாகப் படிப்பார்கள். ஷில்லாங்கிலும் ஐஸாலிலும் ராக் இசை வீட்டுப் பாட்டு. பல்லாவரம், பரங்கிமலை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலும் கிட்டார் புதிதல்ல. சினிமாப் பாட்டைத் தவிர வேறு கேட்காத ஊர் என்று தாம்பரத்தைச் சொல்லிவிட முடியாது.

அன்றைக்குத் தொகுப்பு என்ற பண்டமே கடைத்தெருவில் வேறு வடிவில் இருந்தது. ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களில் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, பிளாங்க் கேசட்டுக்கும் பதிவுக்கும் சேர்த்துக் காசு கட்டினால் இரண்டு நாளில் கேசட் கிடைக்கும். பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடுவது அறுபது, 45 நிமிடம் ஓடுவது தொண்ணூறு. அட்டையில் பாட்டின் பெயரையும் படத்தின் பெயரையும் கடைக்காரர் பால்பாயிண்ட் பேனாவால் எழுதித் தருவார். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு இளையராஜாவும் எஸ்.பி.பி.யும் போதும். ஆங்கில ராக் கேட்பவர் அந்தக் கடைக்குப் போகாமல், இரட்டை டெக் வைத்திருக்கும் நண்பரிடம் போனார். மெட்டாலிகாவும் அயர்ன் மெய்டனும் இந்தியாவிலேயே கேசட்டாக விற்றன. இயராக் போன்ற சிறு நிறுவனங்களின் சரக்கு எளிதில் கிடைப்பதல்ல. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தால் உண்டு. யாரோ ஒருவரிடம் மூலக் கேசட் இருக்கும், மற்றவர்களிடம் நகல்.

நகலெடுப்பதில் ஒரு கைநுணுக்கம் இருந்தது. 33 நிமிட 'ஸ்கம்' அறுபதின் ஒரு பக்கத்தில் அடங்காது. தொண்ணூறில் அடங்கி 12 நிமிடம் மிஞ்சும். மிஞ்சிய நாடாவை வீணடிக்க யாருக்கும் மனம் வராது. அங்கே வேறொரு குழுவின் இரண்டு பாட்டு ஏறும். இப்படித்தான் ஒவ்வொரு நகலும் தானாகவே ஒரு தொகுப்பாக மாறியது. எது வரும் என்பதை முடிவு செய்தவர் நகலெடுத்த சீனியர். பதிவு முடிந்ததும் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் வீட்டில் யாராவது அதன்மேல் சுப்ரபாதத்தைப் பதிந்துவிடும் அபாயம் உண்டு. நகலின் நகல், அதன் நகல் என்று போகப் போக இரைச்சல் ஏறும், மேல்சுருதி தேயும். சிம்பல் மறைந்துபோகும், பிளாஸ்ட் பீட் ஒரே உறுமலாகக் குழையும். டெத் மெட்டலின் கிட்டார் கோவைகள் அப்போதும் ஓரளவு பிடிபடும். கிரைண்ட்கோர் வெறும் இரைச்சலாகி நிற்கும்.

புறநகர் ரயிலின் மறுமுனை கடற்கரை நிலையம். அதை ஒட்டியே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பிழைப்புக்காக ராஜாஜி சாலையில் 1960களின் இறுதியில் உருவான கடைவரிசை அது. டேப் ரெக்கார்டரும் பிளாங்க் கேசட்டும் விற்ற அந்தச் சந்தை பிற்பாடு சிடிக்கு மாறியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைத் தொடங்கிய முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. சில ஆண்டுகளில் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. டயல்-அப் இணைப்பில் நான்கு நிமிடப் பாட்டு ஒன்றை இறக்கக் கால் மணி நேரம் ஆகும், மணிக்கணக்கில் காசு. அந்தக் கணக்கில் 'யூ சஃபர்' ஒன்றுதான் சில நொடிகளில் இறங்கிய மலிவான பாட்டு. 700 எம்.பி. சிடியில் எம்பி3 வடிவில் பத்துப் பதினைந்து ஆல்பங்கள் அடங்கிவிட்டன. தொண்ணூறு நிமிடத்துக்குள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று திணறிய சீனியருக்கு இனி விடவேண்டிய தேவையே இல்லை. தேர்வு செய்யும் கலை அங்கே கொஞ்சம் மழுங்கியது என்றே சொல்ல வேண்டும்.

இந்தியாவிலேயே தொகுப்பு வெளியிடும் முயற்சி அலகாபாதிலிருந்து வந்தது. அமித் சைகல் 1993இல் அங்கே தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகை, 1997 முதல் 'கிரேட் இந்தியன் ராக்' விழாவை நடத்தி, இந்தியக் குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்தும் வெளியிட்டது. பெங்களூரில் 1991லேயே டையிங் எம்ப்ரேஸ் டெத் மெட்டல் வாசிக்கத் தொடங்கியிருந்தது. சென்னையில் மேடை என்றால் கல்லூரி கல்ச்சுரல்ஸ்தான்: தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரியின் டீப்வுட்ஸ், கிண்டியில் இறங்கிப் பஸ் பிடித்தால் ஐஐடியின் சாரங். மார்டி கிரா என்ற பழைய பெயர் 1996இல் சாரங் ஆனது. அதன் ராக் இரவு நடக்கும் திறந்தவெளி அரங்கில் 2009இல் ஸ்வீடனின் ஓபெத் வாசித்தது. ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல் அலையில் தோன்றிய குழு அது. கேசட்டிலும் சிடியிலும் மட்டுமே இருந்த உறுமலை ஆயிரக்கணக்கான பேர் நேரில் கேட்ட இரவு அது. அடையாறு அன்வைண்ட் சென்டர் நடத்திய 'ஜூன் ராக் அவுட்' உள்ளூர்க் குழுக்களுக்கு மேடை கொடுத்தது.

சென்னையில் உருவான குழுக்களைப் பார்த்தால் ஒரு சாய்வு தெரிகிறது. பிளைண்ட் இமேஜ், எஷர்ஸ் நாட் போன்றவை டெத் மெட்டலின் பக்கம் நின்றவை. 'டெஸலேஷன்ஸ்' என்று தன் வெளியீட்டுக்குப் பெயர் வைத்த எஷர்ஸ் நாட், தாளக் கணக்கைச் சிக்கலாக்குவதில் மோகம் கொண்டது. கிரைண்ட்கோருக்கு இங்கே அப்படியொரு வரவேற்பு இருந்ததில்லை. காரணம் தேடினால், கேட்டவர்களில் பாதிப்பேர் பொறியியல் மாணவர்கள் என்பது ஒன்று: கடினமானதைப் பழகி வாசித்துக் காட்டுவதில் அவர்களுக்கு ஒரு போட்டி மனப்பான்மை இருந்தது, டெத் மெட்டல் அதற்குத் தீனி போட்டது. இன்னொன்று, முன்பு சொன்ன, பாடல் வரித் தாள் இல்லாத குறை. பன்னாட்டு நிறுவனத்தைத் திட்டும் பாட்டைக் கேட்டுக்கொண்டே பன்னாட்டு நிறுவனத்தின் கேம்பஸ் தேர்வுக்குத் தயாரானவர்களுக்கு அந்தப் பாட்டு என்ன சொல்கிறது என்று தெரிய வழியே இல்லை. வார்த்தை தெளிவாக விழவேண்டும் என்று எதிர்பார்க்கும் தமிழ்க் காதுக்கு உறுமல் முதலில் ஒரு தடை. தடையைத் தாண்டியவர்களும் கிட்டாரைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூரில் கதை வேறு மாதிரி போனது. தென்னிந்திய வம்சாவளி இளைஞர்கள் 1992இல் தொடங்கிய ருத்ரா, டெத் மெட்டலில் வேதாந்தத்தைப் புகுத்தியது. பாடகர் கதிரின் உறுமலில் ஆங்கிலமும் சமஸ்கிருதச் சுலோகங்களும் கலந்து வரும். தங்கள் இசைக்கு அவர்கள் வைத்த பெயர் 'வேதிக் மெட்டல்'. முதல் ஆல்பம் 1998இல் வந்தது. அதே நகரில் 2007இல் தோன்றிய வோர்ம்ராட், பேஸ் கிட்டாரே இல்லாமல் கிரைண்ட்கோர் வாசித்தது. 2010இல் அதை ஒப்பந்தம் செய்துகொண்ட நிறுவனம் வேறு எதுவுமல்ல, இயராக். 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவிலும் அது வாசித்தது.

பாடல் வரிகள் தென் சென்னைக்கு வந்து சேர்ந்தது தாமதமாகத்தான். 2002இல் தொடங்கிய 'என்சைக்ளோபீடியா மெட்டாலம்' என்ற இணையக் களஞ்சியம் உலகெங்கும் உள்ள மெட்டல் குழுக்களை நாடுவாரியாகப் பட்டியலிட்டது. ஆல்பங்களின் பாடல் வரிகளையும் ரசிகர்களே அதில் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். கேசட் நகலில் இரைச்சலாகக் கேட்ட 'ஸ்கம்' என்ன பேசியது என்பதை அதன் பிறகே வாசிக்க முடிந்தது. அதற்குள் அதை முதலில் நகலெடுத்துக் கொடுத்த சீனியர்களில் பலர் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்கள்.