கிருபாசனம்

கிருபாசனம்: பண்டைய இஸ்ரயேலரின் உடன்படிக்கைப் பெட்டியின் பசும்பொன் மூடி, கிறித்தவ இறையியலில் கடவுளின் நீதியும் இரக்கமும் சந்திக்கும் இடத்தின் குறியீடு. விவிலியத்தின் தமிழ்ப் பொது மொழிபெயர்ப்பில் ‘இரக்கத்தின் இருக்கை’.

அமைப்பு: யாத்திராகமம் 25-இன்படி நீளம் 2½ முழம், அகலம் 1½ முழம், இரு முனைகளிலும் சிறகு விரித்த கேருபீன்கள் (வானதூதர் உருவங்கள்). அடியில், பெட்டிக்குள், கட்டளைகள் பொறித்த கற்பலகைகள். மேலே, ஆண்டுக்கொருமுறை பாவநிவாரண நாளில் தெளிக்கப்பட்ட பலி இரத்தம். குற்றத்தைச் சுட்டும் சட்டமும் அதை நீக்கும் மன்னிப்பும் இவ்வாறு ஓரிடத்தில் இணைந்தன.

இறையியல்: ரோமர் 3:25-இல் பவுல், இதற்குரிய கிரேக்கச் சொல்லான ‘ஹிலாஸ்டேரியோன்’ என்பதைக் கிறிஸ்துவுக்கு வழங்குகிறார், பழைய தமிழ் வேதாகமத்தில் அது ‘கிருபாதாரபலி’. கிறிஸ்துவின் சாவு பாவத்தை எவ்வாறு நீக்குகிறது என்பதைப் பிற்கால இறையியலாளர் வெவ்வேறாக விளக்கினர். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம், ஈடு செய்யப்படாத பாவத்தை மன்னிப்பது நீதியாகாது என வாதிட்டார். 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் அபெலார்டு, சிலுவையை மனித மனத்தை மாற்றும் அன்பின் வெளிப்பாடாக விளக்கினார். மீட்பு பற்றிய பிற்கால விவாதங்களில் இவ்விரு விளக்கங்களும் தொடர்ந்து இடம்பெறுகின்றன.