திரும்பி வந்தவர்கள் வெட்டிய வீதி

மெல்பேர்ணில் வாழும் எங்கள் சனத்துக்கு 'கிரேட் ஓஷன் ரோட்' என்றால் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள்தான். கனடாவிலிருந்து சித்தப்பா வந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்தாலும், விடிய முதல் இடியப்பமும் இடிச்ச சம்பலும் கட்டிக்கொண்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு வெளிக்கிடுவோம். பாறைகளுக்கு முன்னால் நின்று படம் பிடிப்போம். கொலாக் ஊடாகப் போகும் உள்வழியால் இருட்டில் வீடு திரும்புவோம். அந்தப் பாறைகளைக் கடல் செதுக்கியது. அங்கே போகும் வழியை வெட்டிய மனிதர்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. எனக்கு அவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

டோர்க்கியில் தொடங்கி அலன்ஸ்போர்ட்டில் முடியும் இந்த வீதியின் நீளம் 243 கிலோமீற்றர். ஒட்வே மலைகள் நேரே கடலுக்குள் இறங்கும் கரை இது. வீதி வருமுன் லோர்ண் ஊருக்குப் போக டீன்ஸ் மார்ஷிலிருந்து குதிரை வண்டியில் காட்டைக் கடக்க வேண்டும். அப்பலோ பேக்கு பெரும்பாலும் கப்பல்தான். கப்பலையும் நம்ப முடியாது. 1845இல் கிங் தீவில் 'கட்டராக்கி' என்ற கப்பல் மோதி ஏறக்குறைய 400 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கேப் ஒட்வேயில் கலங்கரை விளக்கம் எழுந்தது. 1848இல் முதல் முறை ஏற்றினார்கள். விளக்கு வந்தும் சாவு நிற்கவில்லை. 1878 ஜூன் 1ஆம் திகதி 'லொக் ஆர்ட்' உடைந்தபோது அதில் இருந்த 54 பேரில் இருவரே பிழைத்தார்கள். ஒருவர் கப்பலில் தொழில் பழகிய இளைஞர் டொம் பியர்ஸ். மற்றவர் ஈவா கார்மைக்கல் என்ற இளம்பெண்; தாய், தகப்பன், கூட வந்த சகோதரர் எல்லோரையும் அன்றே கடலுக்குக் கொடுத்தவர். டொம் நீந்திப் போய் அவரை இழுத்துவந்து, கரையொதுங்கிய பெட்டியில் கிடைத்த பிரண்டியைப் பருக்கி, பிறகு செங்குத்தான பாறையில் ஏறி உதவி தேடினார். அவர்கள் இருவரும் கரையேறிய குடாவுக்குள் இறங்கிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுவர்போல் பாறை நிற்க, நடுவில் சின்னதாய் ஒரு மணற்கரை. அங்கே நிற்கும்போதுதான் இந்தக் கரைவாசிகள் ஒரு தரைவழிக்கு ஏன் அப்படி ஏங்கினார்கள் என்று விளங்கும்.

அந்த வழி ஒரு யுத்தத்தின் பின்னால்தான் வந்தது. 1914இல் அவுஸ்திரேலியாவின் சனத்தொகை 50 இலட்சத்துக்கும் குறைவு. நான்கு வருட யுத்தத்தில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உயிரோடு திரும்பிய ஆயிரக்கணக்கான பெடியளுக்கு என்ன வேலை கொடுப்பது? மாநில வீதிச் சபையின் தலைவர் வில்லியம் கால்டர், அவர்களைக் கொண்டு மேற்குப் பகுதியில் வீதிகள் போடலாம் என்று 1917இல் யோசனை சொன்னார். ஜீலோங் நகர மேயர் ஹவர்ட் ஹிச்கொக் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். 1918இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, சொந்தப் பணத்தில் 3,000 பவுண் போட்டு, ஊரெங்கும் நிதி சேர்த்தார். இறந்த தோழர்களுக்கான நினைவுச்சின்னமாகவே இந்த வீதி இருக்க வேண்டும் என்பது அவர்கள் தீர்மானம்.

நில அளவையாளர்கள் காட்டுக்குள் இறங்கினார்கள். மாதத்துக்கு மூன்று கிலோமீற்றர் நகர்வதே பெரும்பாடு. 1919 செப்டெம்பர் 19ஆம் திகதி வேலை தொடங்கியது. அடுத்த 13 வருடங்களில் சுமார் 3,000 பேர் அதில் உழைத்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பிக்கான், மண்வெட்டி, தள்ளுவண்டி, வெடிமருந்து. எட்டு மணி நேர வேலைக்கு 10 சிலிங் 6 பென்ஸ் கூலி. கூடாரத்தில் படுக்கை. முகாமுக்கு ஒரு பியானோவும் கிராமபோனும் கொடுத்திருந்தார்கள். பாறை சரிந்து செத்தவர்களும் உண்டு. பீரங்கிச் சத்தத்தில் நடுங்கிப்போன மனிதர்கள், குலுங்கும் வண்டியில் வெடிமூட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு போன கதை இன்னும் சொல்லப்படுகிறது. அதை வாசித்த நாள் என்னால் அந்தப் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை. வெடிச்சத்தம் பழகிய ஊரில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அவர்களுக்குச் சந்தோசமும் வாய்த்தது: 1924இல் 'கசினோ' என்ற கப்பல் கேப் பற்றன் அருகே பாறையில் தட்டி, பாரம் குறைக்க 500 பீப்பாய் பியரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் கொட்டியது. அதை அள்ளியெடுத்துக் குடித்ததில் இரண்டு கிழமை வேலை நடக்கவில்லையாம். அந்தச் செய்தியை வாசிக்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாமி ஊரிலிருந்து வந்தபோது அவரைக் காரின் முன்சீற்றில் இருத்திக் கூட்டிப் போனோம். மேற்கே போகும்போது இடப்பக்கம், அதாவது நாங்கள் ஓடும் பக்கம், கடல். கையில் தேசிக்காயை முகர்ந்துகொண்டு வளைவுகளைத் தாங்கிக்கொண்டிருந்தவர், மவுண்ட் டிஃபயன்ஸ் அருகே கேட்டார்: "தம்பி, உந்த மலையை ஆர் வெட்டினது?"

"சண்டையிலை தப்பி வந்த பெடியள், மாமி. செத்த சிநேகிதருக்காக வெட்டினவை."

"அப்ப அவங்களுக்கு வேலையும் குடுத்து, அழுறதுக்கு இடமும் குடுத்திருக்கிறாங்கள்" என்றார். பிறகு நெடுநேரம் கதைக்கவில்லை. யுத்தத்தால் கண்டி வீதி மூடிக்கிடந்த தொண்ணூறுகளில் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர் அவர். நானும் அப்படிக் கடந்தவன்தான். பின்சீற்றில் இருந்த பிள்ளைகளுக்கு அன்றுதான் கிளாலியைப் பற்றி முதல் முறையாகச் சொன்னோம்.

லோர்ணுக்கும் அப்பலோ பேக்கும் இடைப்பட்ட பகுதி முடிந்து, 1932 நவம்பர் 26ஆம் திகதி வீதி திறக்கப்பட்டது. ஹிச்கொக் அதைக் காணவில்லை. அந்த ஓகஸ்டில் இதயநோயால் இறந்துவிட்டார். திறப்பு ஊர்வலத்தில் ஆளுநரின் காருக்குப் பின்னால் ஹிச்கொக்கின் காரை ஓட்டிப் போனார்கள். கடனை அடைக்க ஈஸ்டர்ன் வியூவில் படலை போட்டுச் சுங்கம் வாங்கினார்கள். காருக்கு 2 சிலிங். 1936 ஒக்ரோபரில் அறக்கட்டளை வீதியை மாநில அரசுக்குக் கையளித்தது. அன்றோடு சுங்கமும் போய்விட்டது. படலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மர வளைவு, 1983 காட்டுத்தீயில் முன்னையது எரிந்த பிறகு கட்டியது. அருகில் உழைப்பாளிகளின் வெண்கலச் சிலை இருக்கிறது.

இந்த நினைவில் ஒரு பெரிய குறை உண்டு. ஒட்வே காடுகள் கடுபனுட் மக்களின் நிலம். 1846இல் ஏயர் ஆற்றுப் பக்கம் ஒரு நில அளவைக் குழு அவர்களில் பலரைக் கொன்றது. வீதியோரப் பலகைகளில் படைவீரர்களுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இறந்தவர்களை எண்ணும்போது யாரை விடுகிறோம் என்பது எங்கள் சனம் நன்றாக அறிந்த வேதனை. ஆகவே இதைச் சொல்லாமல் அந்த வீரர்களை மட்டும் புகழ எனக்கு மனம் வரவில்லை.

கடலும் மழையும் இந்தக் கரையை விடவில்லை. 1990 ஜனவரியில் 'லண்டன் பிரிட்ஜ்' பாறைப் பாலத்தின் கரையோர வளைவு இடிந்து, அப்பால் அகப்பட்ட இருவரை ஹெலிகொப்டரில் மீட்டார்கள். 2005இல் அப்போஸ்தலர் பாறை ஒன்று நொடியில் சரிந்தது. மழைக்காலத்தில் மலை சரிந்து வீதியும் இடைக்கிடை மூடப்படும். அந்த மனிதர்கள் கையால் வெட்டியதைக் காப்பாற்ற ஒவ்வொரு வருடமும் புதிதாக உழைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரே நாளில் ஓடி முடிக்காமல் அப்பலோ பேயில் ஓர் இரவு தங்குங்கள். போகும் வழியில் ஈஸ்டர்ன் வியூவில் காரை நிறுத்தி, சிலைக்குப் பக்கத்தில் உள்ள பலகையைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். கடுபனுட் மக்களைப் பற்றி அந்த இடத்தில் நீங்களே சொல்லுங்கள். பாட்டன் பாட்டி கூட வந்திருந்தால், அவர்கள் கடந்துவந்த வழிகளையும் அங்கேயே கேளுங்கள்.