எலியின் கபச்சுரப்பியும் வன்னிப் பெண்ணின் குளிசையும்

கபச்சுரப்பியைச் சுரப்பிகளின் அரசன் என்று பாடநூல்கள் நெடுங்காலம் புகழ்ந்து வந்தன. மனிதரில் அரைக் கிராம் அளவினதாகிய அது, எலியில் ஏறத்தாழப் பத்து மில்லிகிராமே. அவ்வரசனின் ஆட்சி எத்தகையது என்பதை உலகுக்கு வெளிப்படுத்தியதும் அந்த எலியேயாகும்.

1928 இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஸ்திரிக்கர், குரூத்தர் என்னும் இருவர், மாட்டின் கபச்சுரப்பிச் சாற்றை முயலுக்கு ஏற்றிப் பால் சுரக்கக் கண்டனர். புரோலக்ரின் எனப்படும் பால் ஓமோன் இவ்வாறு அறியப்படலாயிற்று. 1954 இல் அமெரிக்க அறிஞர் ஜோன் எவரெற், எலியின் கபச்சுரப்பியை மூளையினின்று பிரித்து அதன் சிறுநீரக உறையின் கீழ்ப் பதித்தார். ஏனைய ஓமோன்கள் பெரிதும் குன்றின. புரோலக்ரினோ தொடர்ந்து சுரந்தது. மற்றவற்றை மூளை ஏவுகிறது, இதனை அடக்கி வைக்கிறது என்பது புலனாயிற்று. அரசனெனப்பட்டவன் ஏவலாளனே!

அடக்கும் பொருள் யாது? இவ்வினாவுக்கு வழிகாட்டியவை மருந்துகள். சர்ப்பகந்தா வேர் பித்தையும் குருதி அழுத்தத்தையும் தணிக்கும் என்று கல்கத்தா வைத்தியர்களான கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931 இலேயே எழுதினர். நாட்டு வைத்தியர் அதற்கும் முன்பே கையாண்ட வேர் அது. 1952 இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரிசேர்ப்பினைப் பிரித்தெடுத்த பின்னரே மேலைநாட்டு வைத்தியம் அதனைப் பெரிதாக மதித்தது. இலாபம் எவரைச் சேர்ந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அதே ஆண்டில் பாரிஸில் குளோர்புரோமசின் மனநோயாளருக்கு வழங்கப்படலாயிற்று. 1959 இல் பராக்கிளவ், சோயர் இருவரும் இம்மருந்துகளை எலிகளுக்கு ஏற்றினர். கருவுறாத எலிகள் பொய்ச்சூல் கொண்டன. 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் மக்லியோட் முதலியோர், கண்ணாடிக் கிண்ணத்தில் உயிரோடு பேணிய எலிச் சுரப்பியின்மீது டோபமினை இட்டபோது புரோலக்ரின் சுரப்புத் தணிந்தது. மூளை அனுப்பும் அடக்குபொருள் அதுவே. ரிசேர்ப்பின் டோபமினின் கையிருப்பைக் கரைக்கிறது. குளோர்புரோமசின், அது கலத்தில் வந்து சேரும் வாயிலை அடைக்கிறது. ஈஸ்திரஜனோ எலியின் புரோலக்ரின் கலங்களைப் பெருக்கிச் சுரப்பியையே வீங்கச் செய்யவல்லது.

இவ்வெலிகளுக்கும் வன்னிக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவலாம். 2009 இல் போர் முடிந்தபின், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மனம் நைந்து மருந்தை நாடியோர் உளர். குளோர்புரோமசின், ஹலோபெரிடோல், ரிஸ்பெரிடோன் ஆகிய யாவும் டோபமினின் வாயிலை அடைப்பனவே. இவற்றை உட்கொள்ளும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம். பிள்ளை பெறாதவளுக்கும் மார்பில் பால் கசியலாம். கணவனை இழந்த ஒருத்திக்கு இது நேர்ந்தால் ஊர்வாய் என்ன பேசும் என்பதை நாம் அறிவோம். அவள் வெட்கி, எவரிடமும் சொல்லாது குளிசையை நிறுத்தக்கூடும், நோய் மீளக்கூடும். வைத்தியரிடம் கூறினாளாயின், குருதியைச் சோதித்து, மருந்தின் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழியுண்டு. குளிசையைக் கையில் கொடுக்கும்போதே இதனைத் தமிழில் இரண்டு வாக்கியமாகச் சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? உயர்தர வகுப்பில் கபச்சுரப்பியைக் கரும்பலகையில் வரையும் ஆசிரியரும் இதனைச் சேர்த்துச் சொல்லலாம். முன்வரிசையில் இருக்கும் மாணவியின் தாயோ தமக்கையோ அக்குளிசையை உண்பவராக இருக்கக்கூடும்.