சாம்பலில் விளைந்த உப்பு

பிலிப்பைன் நாட்டின் பொஹோல் தீவு வரலாற்று நூல்களில் இடம்பெறுவது பெரும்பாலும் ஒரு சடங்கின் பொருட்டேயாகும். 1565 ஆம் ஆண்டில் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியும் அத்தீவின் தலைவன் சிகத்துனாவும் தத்தம் குருதியைக் கலந்து பருகி நட்புடன்படிக்கை செய்துகொண்டனர். ஓவியர்கள் அதனை வரைந்தனர். மாணவர்கள் அவ்வாண்டை மனனஞ் செய்கின்றனர். ஆனால், அத்தீவின் மக்கள் உண்ட சோற்றுக்கு உப்புத் தந்தவர் யாவர் என்ற வினாவை எழுப்புவார் அரியர். அவ்வினாவை நாம் இங்கு எழுப்புவோம்.

உப்பு என்றதும் ஆனையிறவும் புத்தளமும் அம்பாந்தோட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே பாத்தியில் தேங்கிய கடல்நீரை வெயிலும் காற்றும் உப்பாக்கிவிடுகின்றன. நீண்ட கோடையில்லாது, மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் கரையிலோ இம்முறை எளிதிற் பயன்தராது. கடல்நீரை நேரே காய்ச்சலாமெனின், அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 3.5 பங்கே உப்பு. 1 கிலோ உப்புப் பெற 28 லீற்றர் அளவு கடல்நீரை வற்றவைத்தல் வேண்டும். அத்தனைக்கும் விறகு எங்கிருந்து வரும்? இச்சிக்கலுக்குப் பொஹோலின் உழைப்பாளர் கண்ட விடை தென்னையிலே இருந்தது.

அல்பூர்க்கெர்க்கே என்னும் கரையோர ஊரில் இத்தொழில் நடைபெற்று வந்துள்ளது. வற்றுப்பெருக்கு நீர் புகும் குழிகளிலே பொச்சுமட்டைகளை மாதக்கணக்கில் ஊறவிடுவர். தும்புக்காக மட்டை ஊறவைப்பதை நம் நாட்டிலும் காண்கிறோம்; அங்கோ தும்பன்று, உப்பே நோக்கம். உப்பேறிய மட்டைகளை வெட்டி உலர்த்தி, பல நாட்கள் கனன்று எரியுமாறு குவித்துத் தீமூட்டுவர். எஞ்சிய சாம்பலை மூங்கிலாலான கூம்புகளில் நிரப்பி அதன்மீது கடல்நீரை ஊற்றுவர். சாம்பலிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு வடியும் நீர் கடல்நீரினும் பன்மடங்கு செறிவுடையது. ஆதலின் விறகுச் செலவு குறைகிறது. அந்நீரை அடுப்பின்மேல் வரிசையாக அமைந்த மட்பானைகளில் இட்டு, வற்ற வற்ற மேலும் ஊற்றிக் காய்ச்சுவர். ஈற்றில் உப்பு ஒரே கட்டியாக இறுகும். வெப்பத்தால் பானையின் அடி வெடித்துவிடும். உடைந்த பானையோடு ஒட்டிய அக்கட்டிக்கு ‘அசின் திபுவோக்’, அதாவது முழு உப்பு, என்று பெயர்.

இவ்வறிவை எந்தக் கல்லூரியும் கற்பிக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைகளே கைகளுக்குக் கற்பித்தன. கரையோரத்தார் உப்பை உள்ளூர்களுக்குக் கொண்டுசென்று உழவரிடம் நெல்லும் அரிசியும் பெற்றனர். உழைப்பு உழைப்போடு நேருக்குநேர் கைமாறிய காலம் அது.

பின்னர் சந்தை வந்தது. மலிவான உப்பும் வந்தது. 1995 ஆம் ஆண்டில் உணவுக்கான உப்பில் அயடீன் சேர்த்தலைப் பிலிப்பைன் அரசு சட்டத்தாற் கட்டாயமாக்கிற்று. இச்சட்டத்தின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. அயடீன் குறைவாற் கண்டக்கழலையும் குழந்தைகளின் அறிவு வளர்ச்சிக் குறைபாடும் விளைவதை விஞ்ஞானம் ஐயமற நிறுவியுள்ளது. அத்துன்பத்தைப் பெரிதும் சுமப்போரும் ஏழைகளே. ஆனால், பெரிய ஆலைக்கு இயன்றது குடிசைத் தொழிலாளிக்கு இயல்வதன்று. அவனுக்குக் கருவியும் பயிற்சியும் முதலும் போதிய அளவு கிட்டாதவிடத்து, மக்கள் நலச் சட்டமே சிறு உற்பத்தியாளனின் கழுத்தில் கயிறாயிற்று. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளைக் கொண்டு, நாற்புறமும் கடல் சூழ்ந்த அந்நாடு தன் உப்பிற் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நிலைக்கு வந்தது. 2024 இல் உப்புத் தொழிலை மீட்கப் புதிய சட்டம் இயற்றவேண்டியதாயிற்று.

இதற்கிடையில் விந்தையொன்றும் நிகழ்ந்தது. கைவிடப்படும் நிலையிலிருந்த இவ்வுப்பைச் செல்வந்த நாடுகளின் உணவு இரசிகர்கள் ‘கண்டுபிடித்தனர்’. அரிசிக்கு மாற்றப்பட்ட பண்டம் இன்று அலங்காரப் பொருளாய் உயர்ந்த விலை பெறுகிறது. இதனால் எஞ்சியிருக்கும் சில குடும்பங்கள் தொழிலைத் தொடர முடிகிறதெனின் மகிழ்ச்சியே. ஆயினும், உழவனின் கலத்திலிருந்து அகன்ற உப்பு சீமானின் மேசைக்குச் செல்வதை மறுமலர்ச்சி என்று கூறி நிறைவடைதல் நமக்கு இயலுமா?

உப்பின் கதை எங்கும் அதிகாரத்தின் கதையே. இலங்கையில் ஆங்கில ஆட்சி உப்பைத் தன் ஏகபோகமாக்கிற்று. 1930 இல் தண்டியிலும் வேதாரணியத்திலும் ஒரு பிடி உப்பை அள்ளியோரைச் சிறைப்படுத்திற்று. பொஹோலின் உப்புக்காரருக்கு அத்தகைய விளம்பரம் கிட்டவில்லை. அவர்களை ஒடுக்கியது சிறையன்று, விலைப்பட்டியல். மன்னர்களின் குருதியுடன்படிக்கையைக் கற்பிக்கும் ஆசிரியர், அதே கரையில் வெடித்த பானைகளைப் பற்றியும் ஒரு பாடம் நடத்துவாராயின், வரலாற்றை ஆக்கியோர் யாவர் என்பதை மாணவர் தாமே உணர்வர்.