கட்டாயமும் கூட்டிணைவும்: அமெரிக்கத் ‘தூய நகரங்கள்’ திட்டத்தின் வரலாற்றுப் பாடம்

மோட்டார் எரிபொருளில் 2000க்குள் 10 விழுக்காட்டையும் 2010க்குள் 30 விழுக்காட்டையும் பெட்ரோலியம் சாராதனவாக்க அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டம் இலக்கு வகுத்தது. கூட்டரசும் மாநில அரசுகளும் வாங்கும் புதிய வாகனங்களில் ஒரு பங்கு மாற்று எரிபொருளில் இயங்க வேண்டும் எனவும் விதித்தது. ஆயினும் நிரப்பு நிலையமின்றி வாகனம் வாங்குவாரில்லை. வாகனமின்றி நிலையம் அமைப்பாருமில்லை.

இம்முட்டுக்கட்டையை நீக்கவே எரிசக்தித் துறை 1993இல் ‘தூய நகரங்கள்’ திட்டத்தைத் தொடங்கியது. நகராட்சி, எரிவாயு நிறுவனம், பேருந்துக் கழகம் முதலியோர் வட்டார அளவில் தாமாக இணைந்தனர். அட்லாண்டா முதற் கூட்டமைப்பாயிற்று. நாள்தோறும் ஒரே பணிமனைக்குத் திரும்பும் பேருந்துகளுக்கும் குப்பை வண்டிகளுக்கும் ஒரு நிலையமே போதும் என்பதால் இம்முறை அங்கு எளிதில் பொருந்தியது.

தனியார், உள்ளாட்சி வாகனங்கள்மீது கட்டாயம் விதிப்பதில்லை என 2004இல் முடிவாயிற்று. 30 விழுக்காட்டு இலக்கு 2007இல் 2030க்குத் தள்ளப்பட்டது. இத்தள்ளிவைப்பைக் கூட்டமைப்புகளின் தோல்வி எனக் கொள்வது பொருந்தாது. வட்டாரக் கூட்டிணைவு பணிமனையின் முட்டுக்கட்டையைத் தீர்க்கும்; நாடெங்கும் பரவிய தனியார் கார்களின் எரிபொருளை மாற்றும் அதிகாரம் அதனிடம் என்றுமே இருந்ததில்லை.