ஒத்த ஆம்ப்ளிபயர், பத்து குழாய்

போன மாதம் அப்பத்தா பாடிய தாலாட்டு இருந்த பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பதிந்தது அப்பாதான். உசிலம்பட்டி பக்கம் முப்பது வருஷம் மைக் செட் போட்டவர். குழாய்க்கு அடியிலேயே நின்று நின்று இப்போது காது மந்தம். அவருக்காக ஹெட்போனைச் செருகினேன், ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. சுற்றி உட்கார்ந்திருந்த அத்தைகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ஒத்த ஆம்ப்ளிபயர்ல பத்து குழாய் ஓட்டுனவன்டா நானு. ஒன் கம்ப்யூட்டர்ல ரெண்டு ஓடாதா?"

நியாயமான கேள்வி. அவருடைய ஆம்ப்ளிபயருக்குப் பின்னால் 100 வோல்ட் என்று ஒரு முனை உண்டு. வோல்டேஜ் ஏறினால் அதே சக்திக்குக் கரண்ட் குறையும், ஒயரில் வீணாவதும் குறையும். அதனால்தான் கோவிலிலிருந்து கண்மாய்க்கரை வரை மெல்லிய ஒயரை இழுக்க முடிந்தது. ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர்; எல்லாம் பக்க இணைப்பு. ஒன்றைக் கழற்றினாலும் மற்றது பாடும். 100 வாட்ஸ் ஆம்ப்ளிபயர் என்றால் 10 வாட்ஸில் பத்து குழாய், அவ்வளவுதான் கணக்கு.

கம்ப்யூட்டர் வந்த வழி வேறு. ஹெட்போன் முள்ளின் பூர்வீகம் 19ஆம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். முள்ளைச் செருகினால் துளைக்குள் இருக்கும் தகடு நகர்ந்து இன்னொரு இணைப்பை அறுத்துவிடும். டிரான்சிஸ்டர் ரேடியோவும் இதையே எடுத்துக்கொண்டது: காதில் மாட்டினால் ஸ்பீக்கர் கட். தனியாகக் கேட்பவன் அடுத்தவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம். (1979இல் வந்த முதல் வாக்மேனில் சோனி இரண்டு ஹெட்போன் துளை வைத்தது. புண்ணியவான்கள்!)

2004இல் இன்டெல்லின் எச்.டி. ஆடியோ வந்தபோது நிலைமை மாறியது. முள் செருகியிருப்பதை சிப் டிரைவருக்குச் சொல்லும். ஸ்பீக்கரை அடைப்பது டிரைவரின் முடிவு. அதாவது, என்னை மாதிரி ஒரு ஆள் எழுதிய கோடு. ஒயர் அறுபடவே இல்லை!

என்னுடையது லினக்ஸ். அல்சாமிக்சரைத் திறந்து 'ஆட்டோ-மியூட் மோட்' என்பதை அணைத்தேன். பின்பக்க ஸ்பீக்கரும் முன்பக்க ஹெட்போனும் சேர்ந்தே பாடின. நல்லவேளை, என் போர்டில் இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். ஹெட்போனை முழுசாக ஏற்றினேன்.

அப்பத்தா குரல் வந்ததும் பெரிய அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே என் பக்கம் கையை ஆட்டினார்.

"ட்ரெபிளக் கொஞ்சம் கூட்டுடா."